மொய் நோட்டில் லெஃப்ட் ஜாயின்: கீழ்பென்னாத்தூர்த் தரவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பகலில் உரக்கடையில் கணக்கு எழுதி, இரவு ஒன்பதுக்கு மேல் மொட்டைமாடியில் டவர் தேடி, பன்னிரண்டு வாரம் எஸ்.க்யூ.எல். என்னும் தரவுதள மொழி படித்த ஒருவர் இக்கட்டுரையை எழுதுகிறார். அவர் இனி 'இவ்வாய்வாளர்' எனப்படுவார். ஆய்வுக்களம், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர். மூலச்சுவடி, எங்கள் வீட்டுக் காதுகுத்து மொய் நோட்டு. முதல் பக்கத்தில் மஞ்சள், கடைசிப் பக்கத்தில் சாம்பார். நடுவில் 312 வரிகள்.

படிப்பு, ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். வகை. பாடம் இலவசம். வாராந்திர வீட்டுப்பாடத்துக்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. பன்னிரண்டு வீட்டுப்பாடத்தில் நன்றாகச் செய்த எட்டை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். இது பௌர்ணமியை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு என்றே இவ்வாய்வாளர் கருதுகிறார். கிரிவலத்துக்கு வீட்டோடு கிளம்புகிற இரவில் எவனால் வீட்டுப்பாடம் செய்ய முடியும்?

பாடத்தில் வரும் மாதிரித் தரவெல்லாம் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்து ஆசிரியர்களின் துறையும் சம்பளமும். அவர்கள் சம்பளம் தெரிந்து நமக்கென்ன ஆகப்போகிறது? எனவே மூன்றாம் வாரத்திலேயே மொய் நோட்டு கணினியில் ஏறியது. மதுரைப் பக்கம் மொய் மேசையிலேயே கணினி வைத்து ரசீது அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். அதை முன்னோடி ஆய்வாக ஏற்கலாம். ஆனால் அங்கே தட்டச்சு நடக்கிறதே தவிர தத்துவ விசாரம் நடப்பதில்லை.

இந்த அட்டவணைத் தரவுதளத்தின் மூலவர் எட்கர் காட். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்தவர். 1970இல், தரவையெல்லாம் அட்டவணைகளாக வைத்தால் போதும் என்று எழுதினார். வரிகளின் வரிசைக்குப் பொருள் கிடையாது என்பது அவர் கொள்கை. முதல் வரியில் தாய்மாமன் பெயர் இல்லாவிட்டால் பந்தலில் என்ன நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். நாங்கள் வரிசை எண் என்று தனி நெடுவரிசை சேர்த்துச் சமாதானம் செய்தோம்.

1974இல் டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும், ஆங்கிலம் பேசுவதுபோலவே கணினியிடம் கேட்கலாம் என்று 'சீக்வல்' மொழியை வெளியிட்டார்கள். அந்தப் பெயர் பிரிட்டனில் ஒரு விமானத் தயாரிப்பு நிறுவனத்தின் வணிகக்குறியாக இருந்ததால், அது பின்னர் எஸ்.க்யூ.எல். ஆகச் சுருங்கியது. சுருங்கியும் பாதிப்பேர் இன்னும் சீக்வல் என்றே சொல்கிறார்கள். பேர் மாற்றிய தெருவுக்கு நடப்பதுதான்.

இனி ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு. பாடம் சொல்லித்தரும் முறை: செலக்ட் பெயர், ஃப்ரம் மொய், வேர் ஊர் செஞ்சி. அம்மா கேட்கும் முறை: "காதுகுத்து நோட்டுல, செஞ்சிக்காரங்கள்ல, ஐந்நூறுக்கு மேல வச்சவங்க பேரச் சொல்லு." எதிலிருந்து, யாரில், எதை என்று வினை கடைசியில் வருகிறது. ஐந்தாம் வாரத்தில்தான் ஆசிரியர் ரகசியத்தை உடைத்தார்: எழுதுவது செலக்டில் தொடங்கினாலும், பொருள் கொள்ளும்போது முதலில் ஃப்ரம், பிறகு வேர், அதற்கெல்லாம் பிறகே செலக்ட். ஆக, இயந்திரம் உள்ளுக்குள் தமிழில் யோசித்துக்கொண்டு, மரியாதைக்கு வெளியே ஆங்கிலம் பேசுகிறது. 2007இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'லிங்க்' வினவலில் ஃப்ரம்மை முன்னால் வைத்தார்கள். அம்மாவைக் கேட்டிருந்தால் 33 ஆண்டு மிச்சமாகியிருக்கும்.

அடுத்த சிக்கல், யார் யார் என்பது. திருவண்ணாமலை மாவட்டத்தில் 'பெயர் = அண்ணாமலை' என்று தேடுவது, கடலில் 'ஈரம்' என்று தேடுவதற்கு ஒப்பு. இதற்குப் பாடம் சொல்லும் தீர்வு முதன்மைத் திறவுகோல். நோட்டு சொல்லும் தீர்வு 'ரைஸ்மில் அண்ணாமலை', 'டிரைவர் அண்ணாமலை'. பொன்னுசாமி விவகாரம் இன்னும் ஆழமானது. ஒருங்குறியில் 'பொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தரவுதளமோ இவர் வேறு அவர் வேறு என்று சாதித்தது. பாதியை நானும் மீதியைத் தம்பி வேறொரு விசைப்பலகையிலும் அடித்ததால், ஒரே பெரியப்பா இரண்டு பொன்னுசாமிகளாகப் பிரிந்து நின்றார்.

'நல்' என்பது தமிழில் நன்மை, எஸ்.க்யூ.எல்.லில் ஒன்றுமே தெரியாமை. பெயர் எழுதித் தொகை எழுதாத நான்கு வரிகளில் நான் சுழியம் போட்டபோது அம்மா தடுத்தார்: "பூஜ்யம் போடாதடா, அசிங்கம். காலியா உடு. தருவாங்களோ, தந்துட்டாங்களோ, யாருக்குத் தெரியும்?" காட் 1985இல் வெளியிட்ட விதிகளில் மூன்றாவது இதுதான்: தெரியாதது வேறு, சுழியம் வேறு.

ஒன்பதாம் வாரம் ஜாயின். நாம் மற்றவர்களுக்கு வைத்ததை எழுதிய பழைய டைரியில் 280 வரிகள். இரண்டையும் சேர்க்கும்போது நிபந்தனையை மறந்துவிட்டேன். 87,360 வரிகள் வந்தன. எல்லாரும் எல்லாருக்கும் மொய் வைத்துவிட்ட பொற்காலம். நிபந்தனை போட்டு, டைரியை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின் செய்து, வலப்பக்கம் வரியே இல்லாதவர்களை மட்டும் எடுத்தேன். நாம் வைத்தும் நமக்கு வைக்காதவர்கள், 17 பேர். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு 'பாத்தியா' சொன்னார்.

அறிவியல் நேர்மை கருதி ரைட் ஜாயினும் ஓட்டினேன். நமக்கு வைத்தும் நாம் திருப்பி வைக்காதவர்கள். 43 பேர். மூன்றாவது பெயர் தாய்மாமனுடையது.

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "கரண்டு போற மாதிரி இருக்குது. அந்த ரைட்ட அழிச்சிட்டு, லெஃப்ட்ட மட்டும் பிரிண்ட் போட்டுட்டு வந்துடு."