உங்கள் பொறுமைக்கு நன்றி

இன்று காலை காபி ஆறுவதற்குள் ஒரு குறுஞ்செய்தி. உங்கள் ஆர்டர் வந்துசேரும் தேதி மாற்றப்பட்டுள்ளது, உங்கள் பொறுமைக்கு நன்றி. இது மூன்றாவது தடவை. பொறுமையை நான் எப்போது கொடுத்தேன்? கொடுத்தது பணம். அதையும் பதிவு செய்த அன்றே, ஒரு விநாடி பிசகாமல், வங்கியிலிருந்து உருவிக்கொண்டார்கள். பணம் போன வேகத்தில் பாதி வேகத்தில் போன் வந்திருந்தால் நான் ஏன் பேனாவை எடுக்கப் போகிறேன்?

கம்பெனி பெயர் வேண்டாம். சொன்னால், "அதை ஏன் சார் வாங்கினீங்க, இதை வாங்கியிருக்கலாமே" என்று ஆளுக்கொரு பெயரோடு கிளம்பிவிடுவீர்கள். அந்த வேலைக்கு என் மைத்துனன் ஒருவனே போதும்.

புது போனுக்கு எப்போது, எப்படி, எந்த நிறத்துக்குப் பதிவு செய்தால் சீக்கிரம் கிடைக்கும் என்பது பற்றி, பட்டுத் தெரிந்துகொண்ட மூன்று யோசனைகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சுருக்கமாக.

போனை அறிமுகப்படுத்தியது ஒரு செவ்வாய்க்கிழமை. பதிவு ஆரம்பம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி. நடுவில் இருந்த நாட்களில் எங்கள் வீட்டில் பெண் பார்த்துவிட்டு வந்த மாதிரி ஓயாத ஆலோசனை. கறுப்பு, வெள்ளை, நீலம், பச்சை என்று நாலு நிறம். நான் கணக்குப் போட்டேன். ஊரில் முக்கால்வாசிப் பேர் கறுப்புதான் கேட்பார்கள்; அழுக்குத் தெரியாது. கல்லூரிப் பிள்ளைகள் வெள்ளை. எதிலும் துணிச்சல் இல்லாதவர்கள் நீலம். பச்சையை எவன் சீண்டப் போகிறான்? ஆகவே பச்சைக்குப் போட்டி இருக்காது. பச்சையே போடுவோம்.

இதே கணக்கைக் கம்பெனிக்காரனும் போட்டிருப்பான் என்பது எனக்கு உறைக்கவில்லை. எவனும் சீண்டமாட்டான் என்று பச்சையைக் கொஞ்சமாகச் செய்திருக்கிறான். எவனும் சீண்டமாட்டான் என்று நினைத்து, என்னைப் போன்ற புத்திசாலிகள் அத்தனை பேரும் பச்சையைச் சீண்டிவிட்டோம். ஐந்தரைக்குப் பச்சை "ஒரு வாரத்தில்" என்று இருந்தது. ஐந்து முப்பத்திநாலுக்கு "மூன்று முதல் நான்கு வாரங்களில்". கறுப்பை மலைபோலக் குவித்து வைத்திருந்தான். அது இன்றைக்குக் கேட்டாலும் நாளைக்குக் கிடைக்கிறது.

கறுப்பை வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். கேட்ட மறுநாளே கிடைக்கிற பொருளை வாங்குவதற்கு முன்பதிவு எதற்கு?

இந்தத் தட்டுப்பாட்டில் என் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று மாலை மேசைக் கணினியில் நான், மடிக்கணினியில் மகன், கைபேசியில் என் மனைவி என்று முக்கூட்டுத் தாக்குதல். தத்கல் டிக்கெட் போட்டுப் பழகிய குடும்பம். ஒருவருக்காவது விழும் என்று நினைத்தோம். மூன்று பேருக்கும் விழுந்தது. மறுநாள், "எதிர்பாராத வரவேற்பு" என்று கம்பெனி பெருமையாக அறிவித்தது. அந்த எதிர்பாராத வரவேற்பில் இரண்டு, என் மனைவியும் மகனும். அந்த இரண்டையும் ரத்து செய்தோம். பணம் ஐந்து முதல் ஏழு வேலை நாட்களில் திரும்பும் என்றார்கள். யாருடைய வேலை நாட்கள் என்று சொல்லவில்லை.

காத்திருப்பது நமக்குப் புதிதல்ல. என் அப்பா ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தபோது நான் பிறக்கவில்லை. வண்டி வந்தபோது அதன் முன்பக்கம் நின்றுகொண்டு பள்ளிக்கூடம் போனேன். ஆனால் அந்தக் காத்திருப்பில் ஒரு கௌரவம் இருந்தது. வருடக்கணக்கில் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். மாதம் ஒருமுறை நன்றி சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்பமாட்டார்கள்.

நடுவில் நாம் கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தோம். கடைக்குப் போவோம், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து விரலை நீட்டுவோம், போனோடு திரும்புவோம். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அதே 2014-இல்தான் நமக்கு வேறு பைத்தியம் பிடித்தது. செப்டம்பரில் ரெட்மி 1எஸ் என்ற போன், 40,000 எண்ணிக்கை, 4.2 விநாடியில் விற்றுத் தீர்ந்ததாக அறிவித்தார்கள். நாலே கால் விநாடியில் என்னால் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூட முடியாது. டிசம்பரில் ஒன்பிளஸ் வந்தது. அதை வாங்க அழைப்பிதழ் வேண்டும். காசு கொடுத்து வாங்குகிற பொருளுக்கு அழைப்பிதழ்! 2017 ஆகஸ்டில் ஜியோபோனுக்கு 500 ரூபாய் முன்பணம் என்றார்கள். சில நாளில் 60 லட்சம் பேர் பதிந்துவிட்டார்கள், பதிவையே நிறுத்தி வைத்தார்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து நமக்குக் கடையில் இருக்கிற பொருள் கண்ணில் படுவதில்லை.

எதிர்வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். "நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துலதானே சார் போன் செய்யறாங்க? ஒரு எட்டு காரை எடுத்துக்கிட்டு நேரா போய்க் கேட்டுப் பாருங்களேன்." அங்கே பூட்டுவது ஐபோன் சார், நான் பதிவு செய்தது அது இல்லை என்றேன். "அப்ப அதையே வாங்கியிருக்கலாமே!" என்றார்.

பிறகுதான் மகன் திருவாய் மலர்ந்தான். "அப்பா, பின்கோடை மாத்திப் பாருங்க."

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரி கண்டுபிடித்தது. அவர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், புரியாத கையெழுத்து, ஆளுக்கொரு மொழி என்று தபால்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்து ஆறு இலக்கத்தில் முடித்து வைத்தார் புண்ணியவான். ஆறில் ஆரம்பித்தால் பெரும்பாலும் தமிழ்நாடு அல்லது கேரளம். கடைசி மூன்று இலக்கம் அஞ்சலகம். கடிதம் வழி தவறக் கூடாது என்று அவர் செய்தார். ஐம்பது சொச்சம் வருடம் கழித்து நான் வழி தவறுவதற்கு அது பயன்பட்டது.

கிட்டங்கி எங்கே இருக்கிறது, அதில் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து ஊருக்கு ஊர் தேதி மாறுமாம். எல்லோரும் முட்டி மோதுகிற இடத்தில் காலி. யாரும் கேட்காத இடத்தில் ஒன்றிரண்டு தூங்கிக்கொண்டிருக்கும். கேட்காத இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் சூட்சுமம்.

ஆரம்பித்தேன். 600061, நங்கநல்லூர், நம்ம வீடு: நான்கு வாரம். 600017, தி.நகர்: நான்கு வாரம். 600004, மயிலாப்பூர்: நான்கு வாரம், கபாலீஸ்வரரே கேட்டாலும் அவ்வளவுதான். 600053, அம்பத்தூர்: ஐந்து வாரம். அம்பத்தூர்க்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று தெரியவில்லை.

சென்னையைக் கைவிட்டுத் தெற்கே இறங்கினேன். ஆனால் உறவுக்காரர்களின் பின்கோடு யாருக்கு மனப்பாடம்? பரணில் கட்டி வைத்திருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை இறக்கினேன். தூசி தும்மலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பத்திரிகையாகப் பிரித்து, அடியில் இருக்கும் முகவரியைப் பார்த்துத் தட்டினேன். 612001, கும்பகோணம், பெரியப்பா பேத்தி: பதினெட்டு நாள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மகாமகத்துக்குக் காத்திருக்கிற ஊருக்குப் பதினெட்டு நாள் ஒரு பொருட்டா? எனக்குப் பொருட்டு. 630001, காரைக்குடி, அத்தை மகன்: பதின்மூன்று நாள். 627811, தென்காசி, அப்பாவின் நண்பர்: பதினோரு நாள். தெற்கே போகப் போகக் குறைகிறது என்று உற்சாகமாக 629001 போட்டேன். நாகர்கோவில்: ஒரு மாதம். அங்கே படித்தவர்கள் அதிகம்.

"எங்க அக்கா வீட்டை ஏன் போடலை?" என்றாள் மனைவி. 641004, பீளமேடு: நான்கு வாரம். "பார்த்தியா" என்றேன். இதில் நான் ஜெயித்தது என்ன என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, ஆனால் ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

இரவு மணி பதினொன்றே கால். இதுவரை நாற்பது பத்திரிகைகள். அதில் இரண்டு தம்பதிகள் பிரிந்துவிட்டார்கள். பின்கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. மூன்று பத்திரிகைகள் யாருடையவை என்றே தெரியவில்லை. அவர்கள் வீட்டுக்கு எப்போது போன் வரும் என்பது மட்டும் தெரிந்தது. கட்டின் அடியில், மஞ்சள் பூசிய மூலையோடு, 2016 பத்திரிகை ஒன்று கிடந்தது. எடுக்க மனமில்லாமல் எடுத்தேன். 626101, அருப்புக்கோட்டை.

வியாழக்கிழமை. வருகிற வியாழக்கிழமை!

அது என் சித்தப்பா மகள் கல்யாணப் பத்திரிகை. "தங்கள் நல்வரவை விரும்பும்" என்ற பட்டியலில், மூன்றாம் தலைமுறைப் பங்காளி வரைக்கும் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. கல்யாணத்துக்குப் போனேன், மொய் எழுதினேன், கோபத்தோடு இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன், வந்துவிட்டேன். அதற்குப் பிறகு சித்தப்பாவோடு பேச்சில்லை.

மறுநாள் காலை போன் போட்டேன்.

"சித்தப்பா, நல்லா இருக்கீங்களா?"

"யாரு?"

பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு மெல்லக் கேட்டார்: "யாருக்கு என்னாச்சு?"

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நம்பவைக்க ஐந்து நிமிடம் ஆனது. அப்புறம் முழங்கால் வலி, பெய்யாத மழை, பருத்தி விலை, சித்தியின் சர்க்கரை. இருபது நிமிடம் விசாரித்துவிட்டு, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, "உங்க ஊர் பின்கோடு 626101தானே சித்தப்பா?" என்றேன்.

"அடப்பாவி, இதுக்கா?" என்றார். ஆனால் மனுஷன் பெரிய மனது. "என் பேருக்குப் போடு. நான் வீட்டுலதான கெடக்கேன், வாங்கி வைக்கேன்."

வியாழக்கிழமை சொன்னபடி வந்தது. டெலிவரிப் பையனுக்கான எண் என் பழைய போனுக்கு வர, நான் சித்தப்பாவுக்குச் சொல்ல, சித்தப்பா அவனுக்குச் சொல்ல, ஏவுகணை விட்ட மாதிரி காரியம் முடிந்தது. "கூரியர்ல போட்டு விட்டுருங்க சித்தப்பா" என்றேன்.

"அறுபதாயிரம் ரூவாச் சாமானைக் கூரியர்லயா? நல்லாருக்கே! பேரனுக்குக் காதுகுத்து வச்சிருக்கு. நேர்ல வந்து வாங்கிட்டுப் போ."

அருப்புக்கோட்டைக்கு நேராகப் போகிற ரயில்களில் நான் பார்த்தது சிலம்பு எக்ஸ்பிரஸ். வாரத்தில் மூன்று நாள். ரயிலுக்கு முன்பெல்லாம் 120 நாள் முன்னால் பதிவு செய்யலாம். 2024 நவம்பரிலிருந்து 60 நாள். காதுகுத்துக்கு இருந்தது பன்னிரண்டு நாள். வெயிட்டிங் லிஸ்ட் 43. சிலம்பை விற்க மதுரைக்குப் போனவன் என்ன ஆனான் என்பது நமக்குத் தெரியும். சிலம்பிலேயே ஏறி மதுரைக்கும் தெற்கே போக நினைத்தவன், நேற்று இரவு வரை 41.

நங்கநல்லூர் ஆர்டரை இன்னும் ரத்து செய்யவில்லை. ரயிலா, கம்பெனியா, எது முதலில் மனமிரங்குகிறது என்று பார்க்கிறேன். அவர்களுடைய எதிர்பாராத வரவேற்பில் இன்னும் ஒருவன் பாக்கி இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று யோசனைகள்? அடுத்த வருடப் பதிவு ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். வேண்டுவோர் இப்போதே பெயர் கொடுத்து வைக்கலாம். உங்கள் பொறுமைக்கு நன்றி.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, மூலையில் விரிசல் விட்ட என் பழைய போனில் சித்தப்பாவிடமிருந்து வரிசையாகப் படங்கள். வேப்பமரம். திண்ணையில் பூனை. பூனையே மறுபடியும், இன்னும் கிட்டத்தில். கீழே ஒரு வரி: "சும்மா பெட்டியப் பிரிச்சுப் பாத்தேன். கேமரா அருமை."

கடைசிப் படம், அச்சாபீஸிலிருந்து வந்த காதணி விழாப் பத்திரிகையின் புரூஃப். இரண்டு விரலால் பெரிதாக்கித் தேடினேன். தங்கள் நல்வரவை விரும்பும் பட்டியலில், நாலாவது வரியில், என் பெயர் இருக்கிறது. இனிஷியல் தப்பு.

கேமரா அருமை என்று சொன்னது பொய்யில்லை. பிழை துல்லியமாகத் தெரிகிறது.