இரண்டடி வயல்

வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியே அவருக்கு ஆகாது. “தொட்டி பிரமாதமா இருக்கு சார். மீன் எங்கே?” மீன் இருக்கிறது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத டெட்ராக்கள் புதருக்குப் பின்னால் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும். அதைத் தேடிக் காட்டுவது அவர் வேலையில்லை. தொட்டியின் தரை முழுக்கப் படர்ந்து கிடக்கும் மான்டி கார்லோ செடி கண்ணில் படாமல் மீனைக் கேட்கிற ஆளுக்கு அந்த வீட்டில் காபி சற்றுத் தாமதமாகத்தான் வரும்.

சென்னையில் மீனைவிடச் செடியைப் பெரிதாக நினைக்கும் இந்த ரகத்தைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போகலாம். மற்றவர்கள் குழந்தைகளோடு கோல்டு ஃபிஷ் முன்னால் நிற்பார்கள். இவர் மட்டும் மூலையில் குந்தி, ஒரு செடியைத் திருப்பித் திருப்பி இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நத்தை முட்டை ஒட்டியிருக்கிறதா என்ற சோதனை. கோல்டு ஃபிஷ் இவருக்கு ஜென்ம விரோதி. நட்டதைப் பிடுங்கும், பிடுங்க முடியாததைத் தின்னும்.

ஊரில் இருந்த நஞ்சையை அப்பா காலத்திலேயே விற்றாயிற்று. இப்போது கைவசம் உள்ள நிலம் இரண்டடி நீளம், ஓரடி அகலம். அதன்மேல் ஓரடி தண்ணீர், ஏறக்குறைய 56 லிட்டர். நெல்வயலில் தானாக முளைத்து, களை என்று தாத்தா பிடுங்கி வரப்பில் எறிந்தவற்றில் ரோட்டாலா இனமும் உண்டு. பேரன் அந்த இனத்தைத்தான் கொத்துக் கணக்கில் காசு கொடுத்து வாங்கி, நீள இடுக்கியால் தண்டு தண்டாக நடுகிறார். தொட்டிக்குள் வைக்கும் கல்லையும் கிலோ கணக்கில்தான் வாங்குகிறார். அதன் விலையை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

நடவு நாளில் வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது. மண்ணை ஈரமாக்கிக்கொள்வார்; தண்ணீர் நிரப்புவது பிறகுதான். மான்டி கார்லோவைச் சிறு சிறு துணுக்காகப் பிரித்து, இடுக்கியைச் சாய்த்துச் செருகி, நுனி மட்டும் வெளியே தெரிய உள்ளே விடுவார். அடுத்து வருவதுதான் வித்தை. இடுக்கியை லேசாகத் தளர்த்தி, போன வழியே சாய்வாக உருவ வேண்டும். நேரே மேலே இழுத்தால் செடியும் கூடவே வந்துவிடும். நட்டு முடித்ததும் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்து, மண் கலையாமல் அதன்மேல் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றுவார். மறுநாள் காலையில் நடவில் கால்வாசி மேலே மிதக்கும். நீர்ச்செடியின் தண்டுக்குள் காற்றறைகள் இருப்பதால், வேர் பிடிக்கும்வரை அதற்கு மேலே வரத்தான் ஆசை. அவர் பல் தேய்க்கும் முன் இடுக்கியை எடுப்பார்.

அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் வேறு சாதி. அவற்றின் கிழங்கு போன்ற தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ கட்டித்தான் வளர்க்க வேண்டும்.

“ஏங்க, தையல் பெட்டியில இருந்த பச்சை நூல்கண்டு எங்கே?”

பதில் வராது. நூல்கண்டு கட்டையைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள் இருக்கிறது. பருத்தி நூல் நாளடைவில் மக்கிவிடும். அதற்குள் வேர் கட்டையைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காத செடிக்கு ஃபெவிக்விக். அந்த வகைப் பசை ஈரம் பட்டதும் இறுகிவிடும், காய்ந்தபின் மீனுக்கும் கெடுதல் இல்லை. அவருடைய ஆள்காட்டி விரலுக்குத்தான் கெடுதல். திங்கட்கிழமை அலுவலகத்தில் கைரேகை இயந்திரம் அவரை அடையாளம் தெரியாது என்று சொல்லிவிடும். அரைநாள் விடுப்பு.

இரண்டாவது வாரம் இலைகள் கரையத் தொடங்கும். பண்ணைகளில் பல செடிகளை இலை காற்றில் இருக்கும்படிதான் வளர்க்கிறார்கள். தண்ணீருக்குள் வந்ததும் அந்தப் பழைய இலைகளைக் கழித்துவிட்டுப் புதிதாக விடும். இலங்கைக்காரியான கிரிப்டோகோரைன் வெண்டியைக்கு இடம் மாற்றினாலே போதும், இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். “வேர் உசிரோடதான் இருக்கு” என்று அவர் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

செடிக்குக் கரியமில வாயு வேண்டுமே! சிலிண்டர் வாங்கக் கட்டுப்படியாகாத காலத்தில், சர்க்கரையும் ஈஸ்டும் கரைத்த பாட்டிலிலிருந்து குழாய் போட்டார். வாயு வந்தது, கூடவே வாடையும். “ஏண்டா, கூடத்துல சாராய நாத்தம் அடிக்குதே?” என்றார் அம்மா. அம்மாவின் மூக்கைக் குறை சொல்ல முடியாது. புளிக்கிற சர்க்கரை அதையும்தான் தரும்.

இத்தனைக்கும் காரணம் ஒரு ஜப்பானியர். நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ. சைக்கிள் பந்தய வீரர், புகைப்படக்காரர். மீன்தொட்டியைக் காடும் மலையுமாகப் பார்க்க உலகத்துக்குப் பழக்கியவர். 2015ஆம் ஆண்டு, தாம் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, லிஸ்பன் மீன்காட்சியகத்தில் 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர் கொள்ளளவில் நீர்க்காடு ஒன்றை அமைத்தார். அந்தப் படத்தைக் காட்டித்தான் நம்மவர் மூன்றடித் தொட்டிக்கு வீட்டில் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறார். 40 மீட்டரோடு ஒப்பிட்டால் மூன்றடி சிக்கனம்தான் என்பது அவர் கணக்கு.

அக்னி நட்சத்திரத்தில் டேபிள் ஃபேன் தொட்டியைப் பார்த்துத் திரும்பிவிடும். நீர் ஆவியானால் இரண்டு மூன்று டிகிரி குறையும். வியர்வை ஆவியானாலும் குறையும்தான், ஆனால் வீட்டில் யாரும் அதைச் சொல்லிப் பார்ப்பதில்லை.

நன்றாக வளர்ந்துவிட்டாலும் நிம்மதி கிடையாது. வெட்டாமல் விட்டால் அடியில் வெளிச்சம் போகாமல் அழுகி, பச்சைக் கம்பளம் மொத்தமாகக் கழன்று மேலே வரும். ஆகவே வெட்டுகிறார். வெட்டியதைக் குப்பையில் போட மனம் வராமல், ஈரச் செய்தித்தாளில் சுற்றி அலுவலகத்துக்குக் கொண்டுபோய், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனின் தலையில் கட்டினார். அன்று இரவு பதினொன்றரைக்குப் போன்.

“சார், எல்லாம் மேல மிதக்குது சார்.”

“இடுக்கியை நேரா இழுத்தியா, சாய்ச்சு உருவினியா?”

“கையாலதான் சார் நட்டேன்.”

“சரி, பரவாயில்லை. மீன் எதுவும் விட்டுடலையே?”

“ரெண்டே ரெண்டு கோல்டு ஃபிஷ் சார்.”

“முதல்ல அதுங்களை வாளிக்கு மாத்து. வீடு எங்கேன்னு சொன்னே, வில்லிவாக்கமா?” என்றபடி அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.