எலும்பின் மகிமை

கிதார் என்னும் வாத்தியத்தின் கழுத்து முடியும் இடத்தில் ஆறு தந்திகளையும் இடைவெளி பிசகாமல் தாங்கி நிற்கும் சிறு துண்டுக்கு ‘நட்’ என்றும், அடிப்பாகத்தில் அவற்றின் அதிர்வைப் பலகைக்குள் இறக்கிவிடும் மற்றொரு துண்டுக்கு ‘சாடில்’ என்றும் பெயர். சுண்டுவிரல் கனம்கூட இல்லாத இவ்விரண்டின் பொருட்டு ரசிகர்கள் புரிந்திருக்கும் வாதப்பிரதிவாதங்களைத் திரட்டினால் ஒரு புராணமே தேறும். யானைத் தந்தமே சிரேஷ்டம் என்றிருந்தார்கள். அதன் சர்வதேச வாணிபத்துக்குத் தடை வந்ததும், சைபீரியப் பனிமண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளாக நிச்சிந்தையாக உறங்கிக்கொண்டிருந்த மாமூத்தின் தந்தத்தை அறுத்துக்கொண்டு வந்தார்கள். 1970-களில் பித்தளை மோகம் ஒன்று வந்து போயிற்று. சமையலறை மேடைக்கென டூபாண்ட் கம்பெனி உருவாக்கிய கோரியானைக் கிப்ஸன் கம்பெனி நட்டாக்கிற்று. அதில் தோசை வாசனை வீசியதாக எவரும் புகார் கூறவில்லை. இத்தனைக்கும், விரலால் தந்தியை அழுத்திய க்ஷணமே அதன் நாதத்தில் நட்டுக்கு ஏறக்குறைய யாதொரு பாத்தியதையும் இல்லை. சாடிலாவது எப்போதும் உத்தியோகத்தில் இருக்கிறது.

என் நண்பர் ஒருவர் பிளாஸ்டிக் நட்டைக் களைந்து மாட்டெலும்பைப் பொருத்திய நாள்முதல், தம் கிதாரில் தேவலோகத்து நாதம் பிறந்துவிட்டதாகப் பூரித்துப் போயிருக்கிறார். எலும்பைப் பொருத்தும்போது துருவேறிய பழைய தந்திகளை எறிந்துவிட்டுப் புதியவற்றைப் பூட்டினீரா என்று மெல்ல விசாரித்தேன்.

பூட்டினாராம்.