கல் பார்க்கப் போன கதை

என் வலது சிறுநீரகத்தில் 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு கல் இருந்தது. அமெரிக்கா கிளம்புவதற்கு முன் எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்த ஸ்கேனில் தெரிந்தது. "சின்னக் கல்லுதான் சார். உப்பைக் குறைங்க, தினம் மூணு லிட்டர் தண்ணி குடிங்க, தானா விழுந்துடும்" என்றார் திண்டிவனத்து டாக்டர். மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே, "அங்க என்னல்லாம் பாக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

"கல்லுதான் டாக்டர்" என்றேன். அவர் சிரித்தார். நான் உள்ளதைத்தான் சொன்னேன்.

மகன் அரிசோனா மாநிலத்தில் சாண்ட்லர் என்ற ஊரில் இருக்கிறான். எங்களுக்காக எட்டு நாள் லீவு போட்டு, பெரிய கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பட்டியலும் போட்டு வைத்திருந்தான். கிராண்ட் கேன்யன், ஸயான், பிரைஸ் கேன்யன், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், மான்யுமென்ட் வேலி, பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட். என் மனைவி பட்டியலை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"இதுல கோயில் எது, அருவி எது?"

"எல்லாம் பாறைதாம்மா. கல்லு."

"எல்லாமேவா?"

"கடைசியா ஒரு காடு இருக்கு."

"அப்பாடா" என்றாள். அந்தக் காடும் கல்தான் என்பதை அவன் அப்போது சொல்லவில்லை. பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

தேசியப் பூங்காக்களுக்கு அங்கே வருடாந்திர பாஸ் உண்டு. நாங்கள் போனபோது 80 டாலர். அதைக் காட்டினால் காரில் இருக்கும் அத்தனை பேரும் உள்ளே போகலாம். அறுபத்திரண்டு வயதுக்கு மேல் சலுகை உண்டு என்று போட்டிருந்ததைப் பார்த்து என் ஆதார் கார்டை எடுத்து நீட்டினேன். அந்நாட்டு வாசிகளுக்கு மட்டும்தானாம். கிழவன் என்றால் எந்த ஊர்க் கிழவனும் கிழவன்தானே?

மகனுடைய வரைபடத்தில் சூரிய உதயம் பார்க்கும் இடமெல்லாம் குறித்திருந்தது. நான் எனக்கென்று தனியாக ஒரு வரைபடம் மனதில் வைத்திருந்தேன். அதில் கழிப்பறைகள் மட்டும். தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்ன டாக்டர், பாலைவனச் சாலையில் அடுத்த பெட்ரோல் பங்க் அறுபது மைலுக்கு அப்பால் வரும் என்பதை யோசித்திருக்க மாட்டார். பூங்காக்களில் பல இடங்களில் இருப்பவை தண்ணீரே இல்லாத, ஆழக் குழி வெட்டிய கான்கிரீட் அறைகள். குறை சொல்ல முடியாத சுத்தம். ஆனாலும் கையில் பாட்டிலோடு உள்ளே போனவன் நான் ஒருவன்தான். மருமகள் மட்டும், நான் முன்சீட்டில் நெளிய ஆரம்பித்ததுமே, "ஏங்க, நிறுத்துங்க, நான் இறங்கணும்" என்பாள். எட்டு நாளும் எனக்காக அந்தப் பெண் அவ்வளவு தடவை இறங்கினாள்.

கிராண்ட் கேன்யன் 277 மைல் நீளம், ஒரு மைல் ஆழம். விளிம்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்த யாருக்கும் பேச்சு வரவில்லை. என் மனைவிக்கும் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மகன்தான் தூரத்தில் கோபுரம்போல அடுக்கடுக்காக நின்ற ஒரு பாறையைக் காட்டி, "அது பேரு விஷ்ணு டெம்பிள்மா" என்றான்.

"போடா."

நிஜம்தான். அந்தப் பக்கம் பிரம்மா டெம்பிள், இன்னும் தள்ளி சிவா டெம்பிள். கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியல் ஆய்வாளர் 1880-களில் இந்தப் பாறைகளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய சமாசாரத்துக்குச் சொந்த ஊர்ப் பெயர்கள் போதாது என்று கிழக்கத்திய சாமிகளைத் துணைக்கு அழைத்தார். பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும் 170 கோடி வருடத்துக் கருங்கல்லுக்கும் விஷ்ணுவின் பெயர்தான். சொல்லி முடிப்பதற்குள் என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டாள். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மாள், அதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று நினைத்தோ என்னவோ, தன் ஷூவைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

சிவா டெம்பிளுக்கு ஒரு கதை உண்டு. அதன் உச்சி சுற்றிலும் துண்டிக்கப்பட்ட தீவுபோல இருப்பதால், ஆயிரக்கணக்கான வருடங்கள் தனியாகவே வளர்ந்த விசித்திரப் பிராணிகள் மேலே இருக்கலாம் என்று எண்ணி, நியூயார்க்கிலிருந்து ஒரு அருங்காட்சியகம் 1937-ல் ஆள் அனுப்பியது. பத்திரிகைகளில் பெரிய பரபரப்பு. அவர்கள் ஏறிப் போய்ப் பார்த்தால், அதிசயப் பிராணி ஒன்றும் இல்லை. காலியான கொடாக் பிலிம் பெட்டி ஒன்று கிடந்தது. உள்ளூர் போட்டோகிராபர் எமரி கோல்ப் முன்னமே ஏறி இறங்கியிருந்தார். நம் மலைக்கோயில்களில் சிப்ஸ் உறை கிடப்பதைப் பார்த்து நான் வருத்தப்பட்ட காலமெல்லாம் நினைவுக்கு வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் என்பதால் என் மனைவி எல்லோரையும் விரட்டி 9.40-க்கே காரில் ஏற்றிவிட்டாள். அரை மணி போயிருப்போம். மகனின் போன் 11.10 என்றது. நான் தட்டிப் பார்த்தேன். 11.10-தான்.

விஷயம் இதுதான். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. அரிசோனா தள்ளாது. ஆனால் அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவாஹோ மக்களின் பூமி தள்ளும். நவாஹோவுக்கு நடுவில் தீவாக இருக்கும் ஹோப்பி மக்களின் பூமி தள்ளாது. வடக்கே யூட்டா மாநிலம் தள்ளும். ராகுகாலத்துக்கு ஐம்பது நிமிடம் முன்னால் கிளம்பிய நாங்கள், நவாஹோ எல்லையில் நேராக அதன் நடுவில் போய் விழுந்திருக்கிறோம்.

"வண்டிய நிறுத்துடா" என்றாள். எங்கே நிறுத்துவது? நாலு பக்கமும் செம்மண், ஒரு மரம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பித்தாள். போன் 12.00 காட்டியதும் கண்ணைத் திறந்து, "சரி, போயிடுச்சு" என்று முறுக்கு டப்பாவைத் திறந்தாள். இன்னும் நாற்பது நிமிடம் ஓடி பேஜ் என்ற ஊருக்குள் நுழைந்தோம். பேஜ், அரிசோனா கணக்கு. போன் 11.40 என்றது.

போன ராகுகாலம் திரும்பி வந்து எங்கள் முன்னால் நின்றது. ஒரே வெள்ளிக்கிழமையில் இரண்டு ராகுகாலம் பார்த்த குடும்பம் திண்டிவனம் தாலுகாவில் வேறு இருக்க முடியாது. முறுக்கு டப்பாவை மூடிவிட்டாள்.

ஸயானில் 1930-ல் திறந்த ஒரு மைல் நீளச் சுரங்கச் சாலை, அதில் மலையையே குடைந்து வைத்த ஜன்னல்கள். அங்கே ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்றொரு உச்சி. இரண்டு பக்கமும் அதலபாதாளம், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். அதற்கும் குலுக்கலில் பெயர் வந்தால்தான் அனுமதி. மகனுக்கு வந்துவிட்டது.

"பர்வதமலையில சங்கிலி புடிச்சு ஏறல? ஏறினேன். மேல சாமி இருக்கு. இங்க மேல என்னடா இருக்கு?"

"வியூம்மா."

"அதான் கீழயே இருக்கே."

அவன் போகவில்லை. குலுக்கலில் பெயர் வராத யாரோ ஒருவருடைய வயிற்றெரிச்சல் எங்களைச் சும்மா விடாது.

பிரைஸ் கேன்யன் பெயரில்தான் கேன்யன். ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு அல்ல. இரவில் உறைந்து பகலில் உருகும் தண்ணீர், பாறை இடுக்கில் புகுந்து நெம்பி நெம்பி, ஆயிரக்கணக்கான கல் தூண்களாகச் செதுக்கி நிறுத்தியிருக்கிறது. காலை வெயில் விழுந்ததும் அத்தனையும் ஆரஞ்சு நிறத்தில் உள்ளே விளக்கேற்றியது போல எரிந்தன. பையூட் பழங்குடியினர் கதைப்படி இந்தத் தூண்கள் ஒரு காலத்தில் மனிதர்கள். கெட்ட நடத்தைக்காகக் கயோட்டி என்ற தெய்வம் கல்லாக்கிவிட்டது. கேட்டதும் என் மனைவி, "நம்ம பக்கம் அகலிகை ஒருத்தி. இங்க ஊரே அகலிகையா?" என்றாள். கொஞ்சம் யோசித்து, "ராமர் வந்தா கால் வலிச்சுப் போயிடும்" என்றாள்.

பூங்காவுக்குப் பெயர் தந்த எபனேசர் பிரைஸ் அங்கே மாடு மேய்த்துக் குடியிருந்தவர். இவ்வளவு அழகையும் தினம் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், மாடு தொலைந்தால் தேட முடியாத இடம் என்று அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் மூன்று மாடு. எட்டு நாளில் என் மனைவி முழு மனதோடு ஒப்புக்கொண்ட ஒரே அமெரிக்கர் இந்த பிரைஸ்தான்.

கேபிடல் ரீஃபில் பாறைகளுக்கு நடுவே பழைய குடியேறிகள் வைத்த பழத்தோட்டம் இருக்கிறது. பூங்கா நிர்வாகமே பராமரிக்கிறது. தோட்டத்தில் நின்று தின்றால் இலவசம், எடுத்துப் போவதற்குத்தான் காசு. மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டோம். நான் ஆறு ஆப்பிள்.

ஆர்ச்சஸில் 2,000-க்கு மேல் கல் வளைவுகள். ஏன் இங்கே மட்டும் இத்தனை? பூமிக்கடியில் கனத்த உப்புப் படுகை. மேலே பாறையின் பாரம் அழுத்த அழுத்த உப்பு நகர்கிறது, மேலே பாறை வெடிக்கிறது, வெடிப்பில் தண்ணீரும் பனியும் புகுந்து ஓட்டை போடுகின்றன. பலகையில் இதைப் படித்தபோது எனக்கு டாக்டர் ஞாபகம் வந்தது. எல்லாம் உப்பால் வந்த வினை.

பேலன்ஸ்டு ராக் என்று 3,500 டன் பாறை ஒன்று ஒல்லிக் கழுத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மகாபலிபுரத்து வெண்ணெய் உருண்டை சுமார் 250 டன்தான் என்று கணக்குச் சொன்னேன். "அது சரிவுல நிக்குது, இது தட்டுல நிக்குது. எது கஷ்டம்?" என்று ஒரே கேள்வியில் தமிழ்நாட்டைக் காப்பாற்றினாள். டெலிகேட் ஆர்ச்சுக்கு மொட்டைப் பாறையில் ஏறி இறங்க 3 மைல். யூட்டா கார்களின் நம்பர் பிளேட்டில் இருக்கும் அந்த வளைவின் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். அன்று இரவு வலது இடுப்பில் வலி. ஏறிய வலி என்று தைலம் தடவிக்கொண்டு படுத்தேன்.

மான்யுமென்ட் வேலியில் 17 மைல் மண்பாதை. பழைய கௌபாய் படங்களில் குதிரைகள் ஓடிய இடம். குதிரையே தேவலாம். எங்கள் ஏரிக்கரை ரோட்டில் ஆட்டோவில் போய்ப் பழகிய உடம்பு என்ற என் பெருமை முதல் இரண்டு மைலில் உதிர்ந்தது. பாறைச் சிகரங்கள் ஜன்னலில் மேலும் கீழும் குதித்தன. உள்ளே ஏதோ இடம் மாறிய மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி நாள், அந்தக் காடு.

மரங்கள் படுத்திருந்தன. அடிமரம், பட்டை, கணு எல்லாம் அச்சாக மரம். தட்டினால் கல். 22 கோடி வருடங்களுக்கு முன் ஆற்று மணலில் புதைந்த மரங்களுக்குள் எரிமலைச் சாம்பலின் சிலிக்கா ஊறி, மரம் இருந்த இடத்திலெல்லாம் கல்லாகிவிட்டது. இரும்புச் சத்தால் சிவப்பு, மஞ்சள். "காடுன்னியேடா" என்றாள் மகனைப் பார்த்து. பிறகு ஒரு துண்டைக் குனிந்து பார்த்தவள், "ஏங்க, இது நம்ம திருவக்கரைக் கல்லுல்ல?" என்றாள்.

அதேதான். வக்ரகாளியம்மனைப் பார்க்கப் பௌர்ணமிதோறும் போய் வந்த திருவக்கரையில் 2 கோடி வருடத்துக் கல்மரப் பூங்கா இருக்கிறது. முப்பது வருடமாக அதன் பக்கமாகப் போய் வருகிறோம். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. வெளியே உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டிருக்கிறோம்.

இங்கே ஒரு துண்டுக் கல்மரம் எடுத்தாலும் குற்றம். எடுத்துப் போனவர்களில் பலர், அதன் பிறகு வேலை போயிற்று, பெண்டாட்டி போனாள், நாய் செத்தது என்று மன்னிப்புக் கடிதம் எழுதி, கல்லைப் பார்சலில் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்களாம். எந்த இடத்துக் கல் என்று தெரியாததால் பழைய இடத்தில் வைக்க முடியாமல் ஒரு பக்கமாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் மகன் எல்லோர் பையையும் திறக்கச் சொன்னான். என் மனைவியின் கைப்பையிலிருந்து தேன் நிறத்தில், அங்கங்கே சிவந்து, எலுமிச்சை அளவில் ஒரு கட்டி வந்தது. அவன் முகம் வெளிறிவிட்டது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மருமகள் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "பெருங்காயம்" என்றாள்.

இந்த அமளியில் நான் வழக்கம்போல ஒதுங்கியிருந்தேன். கழிப்பறை வாசலில் வரிசை. காத்திருந்த நேரத்தில் பக்கத்திலிருந்த எச்சரிக்கைப் பலகையை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். உள்ளே போனபோது ஒரு நொடி சுருக்கென்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. அவ்வளவுதான். வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது.

ஊர் திரும்பியதும் மறுபடி ஸ்கேன். டாக்டர் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்து, "கல்லக் காணோமே சார். எங்க விழுந்துச்சுன்னு தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். பலகை அங்கிருந்து கல்லை எடுத்துப் போவதைத்தான் குற்றம் என்றது. கொண்டுவந்து போடுவதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.