பகடி வேண்டாமே!

ஹிஞ்சவடி வாசகர் ஒருவர்: தலையில் பச்சை குத்தி வழுக்கையை மறைக்கிறார்களாமே? தலை பச்சையாகிவிடாதா?

பெயரிலேயே நிறத்தை வைத்தது நம் தமிழ். இந்தப் புனேயின் மராத்தியில் 'கோந்தண்' என்பார்கள். அதைக் கேட்டு யாரும் பயப்படுவதில்லை. ஆனால் உங்கள் சந்தேகத்தில் விஷயம் இருக்கிறது. கறுப்பு மையாகவே இருந்தாலும், தோலுக்குள் ஆழமாக இறங்கிவிட்டால் வெளியே நீலம் பாய்ந்துதான் தெரியும். நம் பாட்டிமார் முழங்கையில் இருந்த கோலம் பச்சையாகத் தெரிந்ததும் அதனால்தான். தலையில் குத்தும்போது ஊசி ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கக் கூடாது. ஒவ்வொரு புள்ளியும் மழித்த மயிர்க்கால் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். ஓரிரு வார இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை உட்கார வேண்டியிருக்கும். அவசரக்காரரிடம் போனால் மை பரவிப் புள்ளி பொட்டாகும். தூரத்தில் வருபவருக்கு நீங்கள் நீலத் தொப்பி போட்டவர்.

ரஸ்தா பேட் வாசகர்: அந்தப் புள்ளியிலிருந்து முடி முளைக்குமா?

வாசலில் போட்ட தாமரைக் கோலத்தில் வண்டு தேன் குடித்தால், முளைக்கும்.

கட்கி வாசகி: நடுவில் குத்திக்கொண்டு, சுற்றியிருக்கும் முடியை நீளமாக வளர்க்கப் போவதாகச் சொல்கிறார் என் கணவர்.

தடுத்து நிறுத்துங்கள், அம்மா. இது இல்லாத முடியைக் காட்டும் வித்தை அல்ல. 'இருக்கிறது, நான்தான் மழித்துவிட்டேன்' என்று காட்டும் வித்தை. மிச்ச முடியையும் ஒட்ட வெட்டினால்தான் புள்ளியோடு சேரும். இல்லையென்றால் நடுவில் அறுவடை முடிந்த வயல், சுற்றிலும் காடு. வகிடு அகன்றுபோன பெண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. முடிக்கு இடையே தெரியும் வெள்ளைத் தோலை மை மறைப்பதால் அடர்த்தி கூடினாற்போல இருக்கும். கூந்தலில் கைவைக்க வேண்டாம்.

சிவாஜி நகர் வாசகர்: புனேக்காரர்களுக்கு ஹெல்மெட்டைத் தவிர்க்க இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது, பார்த்தீர்களா?

2019 ஜனவரியில் போலீஸ் ஹெல்மெட் விஷயத்தில் கண்டிப்புக் காட்டியபோது போராட்டத்தில் இறங்கிய ஊர் இது, காரணமா கிடைக்காது? குத்திய முதல் சில நாள் வியர்வையும் உரசலும் ஆகாது என்பது உண்மைதான். அந்த நாட்களில் பேருந்தில் போங்கள். புள்ளியைக் காப்பாற்றப் போய்த் தலையை விட்டுவிடாதீர்கள். வழுக்கைக்கு இந்த ஊரின் பழைய வைத்தியத்துக்கோ ஊசியே வேண்டாம்: புனேரி பகடி. 2009-இல் புவிசார் குறியீடு வாங்கிய தலைப்பாகை. நம் ஊரிலும் வழுக்கையருக்குப் பகடி உண்டு, தலையில் வைக்கத்தான் முடியாது.

கோத்ரூட் வாசகர்: எனக்குப் புழுவெட்டு. குத்திக்கொள்ளலாமா?

முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். புழுவெட்டில் கொட்டிய முடி பல பேருக்குத் தானாகவே திரும்பி வந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள்.

கேம்ப் வாசகர்: அறுபது வயதில் என்ன ஆகும்?

தாடி நரைக்கும், புள்ளி நரைக்காது. நல்லவேளையாகச் சில வருடத்தில் மை தானே மங்கும். வேண்டுமென்றால் மறுபடி குத்தலாம். போதும் என்றால் லேசரில் அழிக்கலாம். அழிக்கவும் காசுதான்.

அதே வாசகர்: நல்ல இடம் ஒன்று சொல்லுங்களேன்.

கடைப்பெயர் சொல்ல மாட்டேன். முடி நடவு செய்கிறவர்களிடம் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொன்னது: யூடியூப் பார்த்துக் கற்பது பயிற்சி ஆகாது. ஊசி பிடிக்கிறவர்களுக்கும் அதையே சொல்வேன் நான். புது ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். செய்த அன்று எடுத்த படத்தை நம்பாதீர்கள். மூன்று வருடத்துக்கு முன் குத்திக்கொண்ட ஒருவரின் தலையை நேரில், வெயிலில் பார்க்கக் கேளுங்கள். ரத்ததானம் செய்யும் பழக்கம் உண்டென்றால், அதை முடித்துவிட்டுப் போய் உட்காருங்கள். குத்திக்கொண்டபின் 12 மாதம் உங்களிடம் ரத்தம் எடுக்க மாட்டார்கள்.