கலந்தாய்வுக்குத் திணை எது?

முப்பத்திரண்டு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்தியவன் நான். அகத்திணையில் ஒரு மாணவன்கூட என்னிடம் சந்தேகம் கேட்டதில்லை. இரண்டு மதிப்பெண் வினாவாக வரும், எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் குறை 2024இல் தீர்ந்தது. எம்.பி.பி.எஸ். முடித்த என் மகள், முதுநிலை நீட் எழுதிவிட்டு இடத்துக்காகக் கும்பகோணத்து வீட்டில் உட்கார்ந்திருந்தாள். தொல்காப்பியர் வகுத்த திணைகளில் இந்த உட்கார்தல் எதில் அடங்கும் என்ற வினா எழுந்தது. எனக்குத்தான் எழுந்தது, வீட்டில் மற்ற இருவரும் கண்டுகொள்ளவில்லை.

மேலோட்டமாகப் பார்ப்பவர் முல்லை என்பர். முல்லையின் உரிப்பொருள் இருத்தல். போனவன் திரும்பும்வரை பொறுத்திருப்பது. மகள் இருந்தாள் என்பதில் ஐயமில்லை. கட்டிலில் இருந்தாள், மாடிப்படியில் இருந்தாள், சார்ஜர் வயர் எட்டும் இடத்திலெல்லாம் இருந்தாள். வாசலில் மட்டும் இருந்ததில்லை. எதிர்வீட்டு அக்கா "டாக்டர்தான் ஆயாச்சே, இன்னும் என்ன பாப்பா ரிசல்ட்டு?" என்பார்.

ஆனால் முல்லைக்கு ஒரு நிபந்தனை உண்டு. தலைவன் நாள் குறித்துவிட்டுப் போயிருக்க வேண்டும். கார் தொடங்கும்போது வருவேன் என்று அவன் சொன்ன சொல்தான் தலைவியை இருக்க வைக்கிறது. 2024இல் நமக்குச் சொல்லப்பட்ட பருவங்களைப் பார்ப்போம். தேர்வு மார்ச் 3 என்றார்கள். பிறகு ஜூலை 7. பிறகு முன்னுக்கு இழுத்து ஜூன் 23. ஜூன் 22 இரவு, ஹால் டிக்கெட்டைக் கைப்பையில் வைத்துவிட்டுப் படுக்கப் போகும் நேரத்தில், நாளைக்குத் தேர்வு இல்லை என்றார்கள். ஒருவழியாக ஆகஸ்ட் 11இல், இரண்டு வேளையாகப் பிரித்து நடந்தது. 2021ஐப் பார்த்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 18க்கு வைத்த தேர்வு கொரோனாவால் செப்டம்பர் 11க்குப் போயிற்று. பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான ஒதுக்கீட்டின் வருமான வரம்பு வழக்குக்குப் போனதில் கலந்தாய்வு நின்றது. டெல்லியில் டாக்டர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். 2022 ஜனவரி 7இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பிறகுதான் கலந்தாய்வே தொடங்கியது. இப்படி ஒரு தலைவனை எந்தச் சங்கப் புலவரும் பாடவில்லை.

அற்றேல், முல்லைக்குரிய துறைகள் மட்டும் பொருந்தி வருவானேன் எனின், அதற்கும் விடை உண்டு. குறித்த பருவம் வந்து கொன்றை பூத்துவிடும், தலைவனைக் காணோம். தலைவி கலங்குவாள். தோழி உடனே, இது கார் இல்லையடி, ஏதோ வம்ப மழைக்குக் கொன்றை ஏமாந்து பூத்திருக்கிறது என்பாள். பருவம் அன்று என்று வற்புறுத்துதல் என்று இதற்குப் பெயர். மகளுக்கும் சேலத்தில் ஒரு தோழி இருந்தாள். டெலிகிராமில் "இன்று மாலை முடிவு" என்று ஓர் அறிவிப்பு உலவும். மகள் முகம் மாறும். ஐந்து நிமிடத்தில் சேலத்திலிருந்து போன் வரும்: "ஃபேக்குடி அது. தேதியோட ஃபான்ட்ட பாரு." கொன்றையின் இடத்தில் ஃபான்ட் வந்திருக்கிறது. மற்றபடி துறை அப்படியே இருக்கிறது.

அப்பழுக்கில்லாத முல்லையைக் காண அமெரிக்காவுக்குத்தான் போகவேண்டும். அங்கே டாக்டர்களுக்குப் பயிற்சி இடம் ஒதுக்க 1952 முதல் நடக்கும் ஏற்பாட்டுக்கு மேட்ச் என்று பெயர். மார்ச் மாதத்தில் ஒரு வாரம் குறித்துவிடுகிறார்கள். திங்களன்று இடம் உண்டா இல்லையா என்பது தெரியும்; எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வெள்ளிக்கிழமை தெரியும். கல்யாணம் நிச்சயம் என்று திங்களன்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை யார் என்பதை வெள்ளியன்று சொல்வது மாதிரி. உவமை என்னுடையதுதான், ஆனால் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இருவர் 1962இல் எழுதிய கட்டுரை கல்லூரிச் சேர்க்கையையும் திருமணத்தையும் ஒரே கணக்காகப் போட்டது. பையன் பட்டியல் தருகிறான், பெண் பட்டியல் தருகிறாள். ஒருவரையொருவர் கூடுதலாக விரும்பும் இருவர், ஜோடி மாறி அமைந்துவிடாதபடி சேர்த்து வைக்கவேண்டும். அமெரிக்க மேட்ச் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது என்பதை ஆல்வின் ராத் பிறகு காட்டினார். 2012இல் ஷாப்லிக்கும் ராத்துக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. அகத்திணைக்கு நோபல் கிடைத்த வகையில் எனக்கும் கொஞ்சம் பெருமை.

நம்முடையது கல்யாணம் இல்லை, பந்தி. ரேங்க் வரிசையில் இலை போடுகிறார்கள். கல்லூரிக்கு யாரைப் பிடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. முன்னால் உட்கார்ந்தவர் ரேடியாலஜி என்னும் பாயசத்தை வாங்கிக்கொண்டால், உங்கள் இலைக்கு வாளி வரும்போது அடியில் கரண்டி உரசும் சத்தம்தான் கேட்கும். பந்தியும் ஒன்றன்று. தமிழக அரசுக் கல்லூரி இடங்களில் பாதி டெல்லியிலிருந்து நடக்கும் அகில இந்தியக் கலந்தாய்வுக்குப் போகிறது, மீதிப் பாதி கீழ்ப்பாக்கத்துத் தேர்வுக்குழுவிடம். இங்கே ஒரு காது, அங்கே ஒரு காது.

இனி விரிச்சி. இந்த ஆய்வின் உயிர்நிலை இதுதான். முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நாழியில் நெல்லும் முல்லைப் பூவும் கொண்டுபோய்த் தூவித் தொழுது, நற்சொல் கேட்டு நிற்பார்கள். யாரோ ஓர் இடைப்பெண், பசியில் துள்ளும் கன்றிடம், உன் தாய் இப்போது வந்துவிடும் என்று சொல்வது காதில் விழும். கன்றுக்குச் சொன்னதைத் தலைவிக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். இந்த வழக்கம் ஒழிந்துவிட்டது என்று பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தவறு. ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் நின்ற என் மனைவியின் காதில், கடைக்காரர் முன்னால் நின்ற பாட்டியிடம் "நாளைக்குக் கண்டிப்பா வந்துரும் ஆத்தா, கவலைப்படாத" என்று சொன்னது விழுந்திருக்கிறது. பாமாயிலைச் சொன்னார். மனைவி வீட்டுக்குள் செருப்போடு வந்து, "நாளைக்கு வந்துருமாம்" என்றாள். மகள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "யாரும்மா சொன்னா?" அதற்கு மட்டும் பதில் இல்லை. மறுநாள் பாமாயில் வந்தது.

விரல் பற்றியும் சொல்லவேண்டும். பிரிந்தவர் போன நாட்களைச் சுவரில் கோடிட்டு, தொட்டுத் தொட்டு எண்ணியே தேய்ந்துபோன விரலையும், வழி பார்த்து ஒளி மங்கிய கண்ணையும் வள்ளுவர் 127ஆம் அதிகாரத்தின் முதல் குறளில் காட்டுகிறார். செல்போன் திரையை மேலிருந்து கீழே இழுத்து, ஒரு வட்டம் சுழன்று, அதே பக்கம் மறுபடி வருவதைப் பார்த்திருப்போருக்கு அந்தக் குறளுக்கு உரை வேண்டியதில்லை. மகள் கட்டைவிரலால் இழுப்பாள். வலித்தால் ஆள்காட்டி விரலுக்கு மாறுவாள். பரிமேலழகருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

மருதமும் நடுவே எட்டிப் பார்த்தது. ஊடல். எந்தப் பிரிவை மேலே போடுவது என்று சாய்ஸ் ஃபில்லிங் நடந்த நாட்களில் தாய்க்கும் மகளுக்கும் பேச்சு நின்றது. மனைவிக்கு மகப்பேறு, மகளுக்கு பொது மருத்துவம். எனக்கு ஒரு கருத்து இருந்தது, யாரும் கேட்கவில்லை.

ஆக, திணை எது? ரேங்க் ஆவணி முதல் வாரத்தில் வந்தது. ஆவணியும் புரட்டாசியும் கார்; அதற்குள்ளேயே இடமும் கிடைத்திருந்தால் முல்லை என்று முடித்து நானும் பேனாவை மூடியிருப்பேன். கிடைக்கவில்லை. முதல் சுற்று நவம்பரில், கார்த்திகை பிறந்த பிறகுதான் வந்தது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். எங்கள் வீட்டுக்குச் செய்தி எட்டியபோது ஊர் அடங்கியிருந்தது, தெருநாய்கூடக் குரைக்கவில்லை. அது யாமம். கூதிரும் யாமமும் தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கொடுத்தவை. குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல், அதாவது கூடுதல். இங்கே மாணவரும் இடமும் கூடுதல். முல்லையாகத் தொடங்கிக் குறிஞ்சியில் முடிவதால் இதைத் திணைமயக்கம் என்க.

சான்று ஒன்று தருகிறேன். பட்டியல் பிடிஎஃப்பாக வந்தது. மகளின் கை நடுங்கியதால் என் போனில் நான் தேடினேன். பக்கம் பக்கமாகத் தள்ளி அவளுடைய ஐந்து இலக்க எண்ணைக் கண்டுபிடித்து, "பாப்பா! குழந்தை மருத்துவம்! மதுரை!" என்று கத்திவிட்டேன். மனைவி சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து என் வாயில் போட்டாள். மகள் போனை வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, இது சீரியல் நம்பர். ரேங்க் பக்கத்துக் கட்டத்துல இருக்கு."

சர்க்கரை கரைவதற்குள் மதுரை வேறு யாருக்கோ போய்விட்டது. அவளுடைய எண் சில நூறு பக்கங்கள் முன்னால் இருந்தது: காது மூக்கு தொண்டை, ஒடிசா. போகும் வழியெல்லாம் பாலை என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

மகள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி இருந்தாள். "முதல் ரவுண்டுல சேராம விட்டாலும் காசு போகாதுப்பா. ரெண்டாவது ரவுண்டு பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

காலையில் எழுந்தபோது மனைவி மஞ்சள் பையோடு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ரேஷன் கடையில் பருப்பு வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு வருகிறாளாம். டப்பாவைத் திறந்து பார்த்தேன். பருப்பு கழுத்துவரை இருந்தது.