கம்பெனியை மாற்றுங்கள், கதி மாறும்!

பிரிட்டனில் குடியிருப்பவனுக்கு உள்ள சுதந்திரங்களில் தலையாயது, கரண்ட் கம்பெனியை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம். பேச்சுரிமை, வாக்குரிமை எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஓட்டுப் போட மறந்தவனுக்கு இங்கே அபராதம் கிடையாது. கம்பெனி மாற்ற மறந்தவனுக்கு உண்டு. மாதாமாதம், டைரக்ட் டெபிட்டில் கழிந்துவிடும்.

எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் வீட்டுக்கு வரும் கம்பி மாறாது, குழாய் மாறாது. லண்டனின் பெரும்பகுதியில் கம்பியைப் பராமரிப்பது யூகே பவர் நெட்வொர்க்ஸ் என்ற வேறொரு நிறுவனம். அதை மாற்ற யாருக்கும் உரிமை இல்லை. வடகடல் காற்றாலையில் பிறந்த மின்சாரமும் வாயு எரித்துப் பிறந்த மின்சாரமும் ஒரே கிரிட்டில் கலந்து ஒரே வழியாகத்தான் எல்லார் வீட்டுக்கும் வருகின்றன. ஒரே மாடு, ஒரே பால், ஒரே பால்காரர். கணக்குப்பிள்ளையை மட்டும் விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம். கணக்குப்பிள்ளைகள் ஒருவரோடொருவர் போட்டி போட்டால் பால் விலை இறங்கிவிடும் என்பதுதான் இந்த நாட்டை இத்தனை வருஷமாக ஆளும் பொருளாதாரத் தத்துவம்.

1986இல் அரசாங்கத்துக்குச் சொந்தமான பிரிட்டிஷ் காஸைப் பங்குகளாக்கி விற்றார் பிரதமர் மார்கரெட் தாட்சர். ‘சிட் கிட்டே சொல்லுங்க’ என்று, பங்கு வாங்கச் சொல்லி டிவியில் ஓயாமல் விளம்பரம் ஓடியது. பத்து வருஷம் கழித்து, யாரிடம் காஸ் வாங்குவது என்பதை வீட்டுக்காரரே தீர்மானிக்கலாம் என்று தென்மேற்கு இங்கிலாந்தில் வெள்ளோட்டம் விட்டார்கள். 1999க்குள் மின்சாரத்துக்கும் அதே சுதந்திரம் வந்து சேர்ந்தது. சுதந்திரத்தைப் பரப்பக் கதவு கதவாக ஆட்கள் வந்தார்கள். ‘இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள், நான் வந்துபோனதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான்’ என்பது அந்த ஆட்களின் பிரசித்தி பெற்ற வசனம். வீட்டு வாசலிலும் போனிலும் கடையிலும் ஆசை வார்த்தை சொல்லி ஆள்பிடித்ததற்காக எஸ்எஸ்இ கம்பெனிக்கு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் 2013இல் போட்ட அபராதம் 1 கோடியே 5 லட்சம் பவுண்டு.

சுதந்திரம் பலித்ததா என்று 2016இல் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் கணக்குப் பார்த்தது. ஆறு பெரிய கம்பெனிகளின் வீட்டு வாடிக்கையாளர்களில் 70 சதவீதம் பேர் எங்கும் மாறாமல், கம்பெனி தானாக ஒட்டிவிட்ட விலையுயர்ந்த கட்டணத்திலேயே கிடந்தார்கள். உண்மையான போட்டி இருந்திருந்தால் கட்ட வேண்டியதைவிட வாடிக்கையாளர்கள் வருஷத்துக்கு 140 கோடி பவுண்டு அதிகமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சரி, அதிகமாக வாங்கியவனைக் கூப்பிட்டுக் கேட்டார்களா? அப்படியெல்லாம் அநாகரிகமாக நடந்துகொள்ள மாட்டார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் மாறாமல் இருக்கும் அப்பாவிகளின் பட்டியலைத் தயாரித்து, போட்டிக் கம்பெனிகள் அவர்களுக்குக் கடிதம் போட வழிசெய்யலாம் என்று யோசனை சொன்னார்கள். திருடு போன வீட்டுக்காரரிடம் பூட்டு விற்பவரின் முகவரியைக் கொடுத்தாயிற்று, கேஸ் முடிந்தது.

இனி, மாறாதவரையும் மாற்றிவிடும் வித்தையைப் பார்ப்போம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரே வீட்டை இரண்டாக வெட்டி வாடகைக்கு விடுவது சகஜம். தபால்காரருக்கு அது ‘12ஏ’. கவுன்சிலுக்கு ‘ஃப்ளாட் ஒன்று’. மீட்டர் பதிவேட்டில் ‘கீழ்த்தள ஃப்ளாட்’. மாடியில் புதிதாக வந்த பையன் கம்ப்யூட்டரில் கம்பெனி மாற்றுகிறான். முகவரிப் பட்டியலில் தவறான வரியை அமுக்குகிறான். கீழே இருக்கும் எழுபது தாண்டிய யாழ்ப்பாணத்து அம்மாவுக்குக் கடிதம் வருகிறது: ‘நீங்கள் எங்களை விட்டுப் பிரிவதில் மிகவும் வருந்துகிறோம்.’

அதை வாசித்துக் காட்டிய என்னிடம் அம்மா கேட்டார்: “தம்பி, நான் எங்கை போறன்? நான் இஞ்சைதானே இருக்கிறன்.”

போன் போட்டோம். அரைமணி நேரம் சங்கீதம். பழைய கம்பெனிப் பெண் மிக மரியாதையாகச் சொன்னாள்: “இவர் இப்போது எங்கள் வாடிக்கையாளர் இல்லை. தகவல் பாதுகாப்புச் சட்டப்படி இவருடைய கணக்கைப் பற்றி இவரிடம் பேச எங்களுக்கு அனுமதி இல்லை.” புதிய கம்பெனிக்காரன் அவளைவிட மரியாதைக்காரன்: “இந்தப் பெயரில் எங்களிடம் கணக்கே இல்லையே, சார்.” அம்மாவின் பெயர் தெரியாத அந்தக் கம்பெனிக்குப் பில் அனுப்ப மட்டும் வழி தெரிந்திருந்தது, ‘குடியிருப்பவர்’ என்று உறைமேல் எழுதி அனுப்பிவிட்டது. மீட்டர் எந்த எண்ணில் நின்றபோது கணக்கு கைமாறியது என்பதில் இரண்டு கம்பெனிக்கும் ஒத்துப்போகவில்லை. ஆகவே இடைப்பட்ட யூனிட்டுகளுக்கு இரண்டு பேருமே பில் போட்டார்கள். பணம் கேட்பதில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை.

புகார் கொடுக்கலாம். எட்டு வாரம் காத்திருக்கலாம். அதற்கப்புறம் எரிசக்தி ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆங்கிலம் வராத, கம்ப்யூட்டர் தெரியாத கிழவி எதற்கும் எங்கேயும் போகமாட்டாள் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அஸ்திவாரம். தவறாக மாற்றினால் இழப்பீடு என்று விதி செய்து வைத்திருக்கிறார்கள். செய்யாத பிரயாணத்துக்குப் பயணப்படி!

மாற்றத்துக்கு நாளாகிறது என்று ஜனங்கள் அலுத்துக்கொண்டதால், ஐந்து வேலை நாளில் கம்பெனி மாற்றித்தரும் திட்டத்தை 2022 ஜூலையில் கொண்டுவந்தார்கள். ரஷ்யப் போரால் வாயு விலை மலையேறி, எந்தக் கம்பெனியிடமும் மலிவான கட்டணமே இல்லாதிருந்த நேரம் அது. ஓடுவதற்கு இடம் இல்லாதபோது ஓட்டத்துக்கு வேகம் கூட்டினார்கள். அதே வருஷம் பிரதமரை இரண்டு தடவை மாற்றிக் காட்டினார்கள். ஈஸ்ட் ஹாம் அம்மாவின் மீட்டரை மீட்டதைவிட அது சுலபமாக முடிந்தது.

மாறினால் மீட்டருக்கும் கிறுக்குப் பிடித்த காலம் ஒன்று இருந்தது. வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மீட்டர் மாட்டிவிட்டார்கள். தானாகவே கணக்கு அனுப்பும் என்றார்கள். முதல் தலைமுறை மீட்டர்கள் பலவற்றுக்கு, கம்பெனி மாறியதும் புத்தி போய்விட்டது. ‘போட்டிதான் வழி, மாறிக்கொண்டே இருங்கள்’ என்று அறிவித்த அரசாங்கமே, மாறினால் ஊமையாகும் கருவியை நாடு முழுவதும் மாட்டவைத்தது. பிறகு என்ன, பழையபடி டார்ச் லைட்டும் கையுமாக மாடிப்படிக்கடியில் குனிந்து எண்ணைப் படிக்க வேண்டியிருந்தது.

போட்டியின் உச்சகட்டம் 2021. முதலீடு இருக்கிறதா, அனுபவம் இருக்கிறதா என்று கறாராகக் கேட்காமல் லைசென்ஸ் கொடுத்து வைத்திருந்தார்கள். வாயு விலை ஏறியதும் சீட்டுக்கட்டு சரிந்தது. அடுத்த வருஷத்துக்குள் கிட்டத்தட்ட 30 கம்பெனிகள் திவால். ஏறக்குறைய 40 லட்சம் வீடுகள் நடுத்தெருவில். பல்ப் என்ற கம்பெனிக்கு மட்டும் 15 லட்சத்துக்கு மேல் வாடிக்கையாளர்கள். அரசாங்கமே பணம் கொட்டி அதை ஒரு வருஷம் தாங்கியது. மற்றக் கம்பெனிகளின் ஈமச்சடங்குச் செலவு சுமார் 270 கோடி பவுண்டு, வீட்டுக்கு 94 பவுண்டு வீதம் விழும் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2022இல் கணக்குச் சொன்னது. லாபம் வந்த காலத்தில் அது முதலாளியின் சாமர்த்தியம். நஷ்டம் வந்ததும் அது சமுதாயத்தின் கூட்டுப் பொறுப்பு.

அந்தச் செலவை எதில் சேர்த்தார்கள் தெரியுமா? ஒரு யூனிட்கூடச் செலவழிக்காதவரும் கட்டித் தீர வேண்டிய நிலைக்கட்டணத்தில். 2024இல் அது மின்சாரத்துக்கு நாளொன்றுக்கு 60 பென்ஸ், காஸுக்கு 30 பென்ஸ் அளவில் இருந்தது. மாளிகைக்கும் ஒற்றை அறைக்கும் ஏறத்தாழ ஒரே தொகை. சமத்துவம் பிரிட்டனில் செத்துவிட்டது என்று யார் சொன்னது?

அந்தச் சமத்துவத்தின் அர்த்தம் புரிய வேண்டுமானால், மூலைக்கடை வைத்திருக்கும் நம்மாட்கள் யாரையாவது கேளுங்கள். லாட்டரிச் சீட்டுக்குப் பக்கத்தில் பேபாயிண்ட் மெஷின் இருக்கும். முன்பணம் கட்டி மீட்டர் ஓட்டுகிறவர்கள் கரண்டுக்குச் சாவியும் காஸுக்குக் கார்டும் கொண்டுவந்து நீட்டுவார்கள். “அஞ்சு பவுணுக்குப் போட்டால், வீட்டை போய்ச் செருகின உடனேயே அரைவாசி போயிடும் அண்ணை. பழைய கடன் வெட்டுறாங்கள்” என்றார் ஒரு கடைக்காரர். கோடையில் நான்கு மாதம் காஸைத் தொடவே இல்லை என்று வையுங்கள். நாளுக்கு 30 பென்ஸ் வீதம் 36 பவுண்டு மீட்டருக்குள் கடனாக ஏறி உட்கார்ந்திருக்கும். முதல் குளிருக்குப் போடும் பத்துப் பவுண்டு, ஹீட்டர் சூடாகும் முன்பே ஆவியாகிவிடும். இவர்கள்தான் 2023 ஜூலை வரை டைரக்ட் டெபிட்காரரைவிட அதிகக் கட்டணமும் கட்டியவர்கள். மலிவான கம்பெனிக்கு மாறலாமே? கடன் 500 பவுண்டைத் தாண்டினால் விடமாட்டார்கள். அதற்குள் என்றால் கடனையும் தலையில் தூக்கிக்கொண்டு போகலாம். சுதந்திரம் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு மட்டும் வாசலில் பூட்டு.

அந்த முன்பண மீட்டரைக் கடன்பட்டவர் வீடுகளில் மாட்டிய விதத்தை 2023 பிப்ரவரியில் டைம்ஸ் பத்திரிகை அம்பலப்படுத்தியது. பிரிட்டிஷ் காஸுக்காக வேலை செய்த ஒப்பந்த ஆட்கள், நோயாளிகளும் ஊனமுற்றவர்களும் இருந்த வீடுகளின் பூட்டை உடைத்து உள்ளே போய் மாட்டியிருந்தார்கள். வாரன்ட் கிடைப்பது கஷ்டமாக இருக்கவில்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் கட்டுக்கட்டாக அனுமதித்தன. அதே மாதம் பிரிட்டிஷ் காஸின் தாய்க் கம்பெனி சென்ட்ரிகா 330 கோடி பவுண்டு லாபம் அறிவித்தது. ஊர் காறித் துப்பியதும் ஆஃப்ஜெம் நன்னடத்தை விதி ஒன்றை வெளியிட்டது: 85 வயதைத் தாண்டியவர் வீட்டில் பலவந்தமாக மாட்டக் கூடாது. 84 வயதுக்காரர், பாவம், இளரத்தம். குளிரைத் தாங்குவார் என்று நினைத்திருக்கலாம். வெட்கம் கொஞ்சம் மிச்சமிருந்ததால் அந்த வருஷமே வரம்பை 75க்கு இறக்கினார்கள்.

ஒவ்வொரு வீடும் எவ்வளவு எரிக்கிறது, எந்தக் கட்டணம் அதற்கு மலிவு என்பது கம்பெனியின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதிலேயே தானாகப் போட்டுவிடு என்று ஒரு வரியில் சட்டம் எழுதலாம். எழுதமாட்டார்கள். ஏனென்றால் இந்தச் சந்தை ஓடுவதே மாறாதவரின் பணத்தில். மாறுகிறவருக்குக் கொடுக்கும் சலுகை, மாறத் தெரியாத கிழவியின் பையிலிருந்து எடுத்தது. எல்லாரும் சாமர்த்தியசாலிகளாக மாறிவிட்டால் மறுநாளே சலுகைக்குக் காசு இருக்காது. ஆகவே ‘சுற்றிப் பார்த்து மாறுங்கள்’ என்று இனி உபதேசம் செய்ய வரும் அமைச்சர், முதலில் ஒரு ஜனவரி மாதத்தைச் சாவி மீட்டரில், ஐந்து ஐந்து பவுண்டாகப் போட்டு ஓட்டிக் காட்டட்டும். அதுவரை இதைச் சுதந்திரம் என்று சொல்லும் வாய்க்கு ஒரு நிலைக்கட்டணம் போடுங்கள். நாளுக்கு 60 பென்ஸ், பேசினாலும் பேசாவிட்டாலும்.